யாரும் கொல்லாத சாவு

சிவமயம்

கரவெட்டி,
மாசி மாதம், வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் லோஜனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் தங்கச்சி கோபிகாவும் குழந்தை ஜெசிதாவும் இருக்கிறோம். சுகம் என்று எழுதப் பேனை வரவில்லை, இருக்கிறோம் என்பதோடு விட்டுவிடுகிறேன். நீயும் மதுராவும் பேரன்மாரும் அந்த நோர்வேக் குளிருக்குள் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்கவேண்டும் என்று அம்மா விளக்கு வைக்கிற நேரமெல்லாம் சொல்லிக் கும்பிடுகிறாள், நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். போனில் முகம் பார்த்துக் கதைக்கிற காலத்தில் அப்பாவுக்கு என்ன கடிதம் என்று நீ யோசிப்பாய். போனில் என்றால் நான் ஒன்று சொல்ல நீ இடையில் வேறொன்று சொல்வாய், கடைசியில் இரண்டு பேரும் சொல்ல வந்ததை விட்டுவிட்டு மழையைப் பற்றிக் கதைத்து முடிப்போம். இதை முதலிலிருந்து கடைசி வரை சொல்லவேண்டியிருக்கிறது. மதுராவின் சித்தி சிவகௌரி விடுமுறை முடிந்து அங்கே திரும்புகிறார், அம்மா இடித்த மிளகாய்த்தூளோடு இதையும் அவரிடம் கொடுத்துவிடுகிறேன். மதுரா வேலையால் வந்த பிறகு அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசி. தனியே இருந்து வாசிக்காதே.

அம்மாவின் முழங்கால் நோவு கொஞ்சம் குறைவு, நெல்லியடியில் எடுத்த எண்ணெய் பிடிக்கிறது என்கிறாள். மழை விட்டுவிட்டது. மருமகன் விதைத்த நெல்லைப் பக்கத்துக் கமக்காரர்கள் சேர்ந்து அறுத்துத் தந்தார்கள், விளைச்சல் பரவாயில்லை. மூட்டைகளை விறாந்தையில் அடுக்கியபோது கோபிகா வெளியே வரவில்லை. நானும் நின்று பார்த்தேன், ஒன்றும் தோன்றவில்லை. எனக்கு இப்போது எல்லாமே அப்படித்தான் இருக்கிறது மகன். நேரம் வந்தால் கிணற்றடியில் தோய்கிறேன், சோறு வைத்தால் சாப்பிடுகிறேன், ஆரும் கேட்டால் பதில் சொல்கிறேன். நெடுநேரம் மடக்கி வைத்த கால்போல உள்ளுக்குள் விறைத்துக் கிடக்கிறது. மருமகனின் செத்தவீட்டில் நான் அழவில்லை என்று சனம் கவனித்ததாக அம்மா சொன்னாள். பிறகாவது வரும் என்று பார்த்திருந்தேன், வரவில்லை.

மருமகன் சுபாஸ்கரனைப் பற்றி உனக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை, ஆனாலும் அவரில் இருந்து தொடங்கினால்தான் எனக்கு ஒழுங்காக எழுத வரும். மீசாலையில் இருந்து கலியாணம் முடித்து எங்கள் வீட்டுக்கு வந்த நாள் தொடக்கம் அவர் என்னோடு ஒருநாளும் முகம் கோணிக் கதைத்ததில்லை. வல்லைப் பக்கம் குத்தகைக்கு எடுத்த வயலும் அந்தப் பழைய லாண்ட்மாஸ்டர் உழவு மெசினும்தான் அவருடைய உலகம். வெளியாள் ஒருவர் சொல்வதை லேசில் நம்பமாட்டார். உரக்கடைக்காரன் சொன்னாலும் கமநல நிலையத்தில் இருந்து வந்து சொன்னாலும் தலையை ஆட்டிவிட்டுத் தன் எண்ணப்படிதான் செய்வார். ஆனால் நீ சொன்னால் வேறு. வெயிலில் ஓடுகிற தண்ணீர் மோட்டரைப் பூட்டச் சொல்லி நீ சொன்னபோது ஊரே சிரித்தது, அவர் பூட்டினார், டீசல் இல்லாமல் எல்லாரும் அந்தரப்பட்ட காலத்தில் எங்கள் வெங்காயத்துக்கு மட்டும் தண்ணீர் போனது. அதற்குப் பிறகு மச்சான் சொன்னால் சரியாத்தான் இருக்கும் என்பது அவருடைய வாயில் வழக்கமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் நீ எடுக்கும்போது அவர் கதிரையை விட்டு எழும்பி நின்றுதான் கதைப்பார். உனக்கு அது தெரிந்திருக்காது, போனில் முகம் மட்டும்தானே தெரியும்.

கார்த்திகையில் பெருமழை பெய்து வயலெல்லாம் வெள்ளம் நின்றதும், அதன்பிறகு வடமராட்சியில் அங்கும் இங்கும் காய்ச்சல் வந்து ஆட்கள் செத்ததும் நீ அறிந்ததுதான். எலிக்காய்ச்சல் என்றார்கள். எலியின் மூத்திரம் வெள்ளத்தில் கலந்து, கால் வெடிப்பாலும் காயத்தாலும் உள்ளே போகிறது என்று சுகாதாரப் பகுதியில் வேலை செய்கிற பி.எச்.ஐ. கிருஷாந் ஒழுங்கை ஒழுங்கையாக, வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு வந்தார். வயலில் இறங்குகிற எல்லாருக்கும் தடுப்புக் குளிசை கொடுத்தார். எனக்கும் தந்தார், மருமகனுக்கும் தந்தார். மருமகன் அதை வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்தார், சாப்பிட்டுவிட்டுக் குடிக்கவேண்டும் என்று கிருஷாந் சொன்னதற்கு ஓம் தம்பி என்றார். குடிக்க வேண்டாம் என்ற எண்ணம் அந்த நேரம் அவருக்கு இருக்கவில்லை என்று நான் நினைக்கிறேன்.

அன்று பின்னேரம்தான் எங்கள் குடும்பக் குழுவுக்கு நீ அந்தக் குரல் பதிவை அனுப்பினாய். நீ மறந்திருக்கலாம், ஒருநாளைக்கு எத்தனையோ அனுப்புகிறாய். ஒரு பெண் அழுதழுது கதைப்பது. தான் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை செய்வதாகவும், பெயர் சொன்னால் தன்னை விட்டுவைக்க மாட்டார்கள் என்றும், தமிழ்ச் சனத்துக்குக் கொடுக்கிற குளிசை காய்ச்சலுக்கு இல்லை, பிள்ளை பிறக்காமல் செய்வதற்கு என்றும் அது சொல்கிறது. அதற்குக் கீழே நீ உன் குரலில், "ஒருத்தரும் உந்தக் குளிசையைக் குடிக்காதேங்கோ, உங்களுக்கு ஒண்டெண்டால் எனக்கு இஞ்சை நித்திரை வராது" என்று சொல்லியிருந்தாய். நீ கெட்ட எண்ணத்தோடு அனுப்பவில்லை. பஸ் ஓட்டுகிற வேலை முடிந்து வந்து, எங்களை நினைத்துப் பயந்து அனுப்பியிருக்கிறாய். அது எனக்குத் தெரியும் என்பதை இந்த இடத்திலேயே எழுதிவிடுகிறேன், பின்னால் நான் எழுதப்போவதை வாசிக்கும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்.

ஜெசிதாவுக்குப் பிறகு ஒரு பிள்ளை வேண்டும் என்று அவர்கள் இரண்டு பேரும் எவ்வளவு பாடுபட்டார்கள் என்பது உனக்குத் தெரியும். டொக்டர்மாரிடமும் போனார்கள், கோயில்களுக்கும் போனார்கள். அப்படி இருக்கிற ஒருவரிடம் இந்தக் குளிசை பிள்ளையை இல்லாமல் செய்யும் என்று சொன்னால் அது எங்கே போய்த் தைக்கும் என்று யோசித்துப் பார். மற்ற ஆட்களுக்கு அது ஒரு கதை. அவருக்கு அது தன் வீட்டுக்குள் வந்த கதை. நான் என் குளிசையைக் குடித்துவிட்டு, "எனக்கு இனிப் பிள்ளை பிறந்தென்ன பிறவாட்டியென்ன, நீர் குடியும் தம்பி, உயிர் இருந்தால்தானே பிள்ளை" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "பாப்பம் மாமா, மச்சான் விசாரிக்காமல் அனுப்பமாட்டார்" என்றார். அடுத்த நாள் உடைந்த வரம்பு கட்டக் காலில் செருப்பும் இல்லாமல் வெள்ளத்துக்குள் இறங்கினார்.

காய்ச்சல் வந்தபோது முதலில் மழைக்காய்ச்சல் என்றுதான் நினைத்தோம். பனடோலும் மல்லித்தண்ணியும் கொடுத்தோம். கெண்டைக்கால் இரண்டும் நோகுது என்று பிடித்துக்கொண்டு இருந்தார். கண் சிவந்து, பிறகு மஞ்சளாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று அம்மாவும் நானும் கெஞ்சினோம், மாட்டேன் என்றார். அதற்குள் அந்தப் பெண்ணின் இரண்டாவது பதிவு வந்திருந்தது, காய்ச்சலோடு வருகிறவர்களுக்கு ஊசி போட்டு முடிக்கிறார்கள் என்று. அதையும் நீதான் அனுப்பியிருந்தாய். கடைசியில் சிறுநீர் போகாமல் வயிறு வீங்கி, ஏலாத கட்டத்தில்தான் ஏற்றிக்கொண்டு போனோம். அங்கே டொக்டர் பொம்பிளைப்பிள்ளை ஒருத்தி, எங்கள் கோபிகாவின் வயதுதான் இருக்கும், பக்கத்துக் கட்டிலில் கிடந்தவரைக் குளிசை குடிக்கவில்லை என்று ஏசிக்கொண்டு நின்றாள். பிறகு எங்களிடம் வந்து, நீங்கள் தடுப்புக் குளிசை குடித்தீர்களா என்று மருமகனைக் கேட்டாள். அவர் ஓம் என்றார். கோபிகா பக்கத்தில் நின்றாள். அன்று பின்னேரம் நீ போன் எடுத்துக் கேட்டபோது, குடித்தது என்றுதான் டொக்டருக்குச் சொன்னவர் என்று அவள் உன்னிடம் சொன்னாள். அதைக் கேட்டு நீ, நான் அவ்வளவு சொல்லியும் குடித்துவிட்டாரே என்று தலையில் அடித்து அழுதாய்.

லோஜன், அவர் குடிக்கவில்லை. தீவிரசிகிச்சைக்கு மாற்றுவதற்கு முன்னம், கோபிகா தண்ணீர் வாங்கப் போன நேரம், என் கையைப் பிடித்து, "மாமா, நான் உதைக் குடிக்கேல்லை, அந்தப் பிள்ளை ஏசுமெண்டு வெக்கத்திலை குடிச்சதெண்டு சொல்லிப்போட்டன், நீங்கள் போய்ச் சொல்லுங்கோ, மச்சானுக்கு மட்டும் சொல்லாதேங்கோ, அவர் தாங்கமாட்டார்" என்றார். மூச்சு வாங்கி வாங்கித்தான் சொன்னார். நான் உடனே அந்த டொக்டரைத் தேடிப் போய்ச் சொன்னேன். அவள் ஏசவில்லை. "பரவாயில்லை ஐயா, எப்பிடியெண்டாலும் நாங்கள் குடுக்கிற மருந்து ஒண்டுதான், கொஞ்சம் முந்தி வந்திருந்தால் நல்லாயிருக்கும்" என்றாள். அடுத்த நாள் அவருடைய நுரையீரலுக்குள் இரத்தம் கசிந்துவிட்டது. மெசின் பூட்டினார்கள். நான் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். அந்தப் பிள்ளையும் இன்னும் இரண்டு பேரும் அவருடைய நெஞ்சை அமத்தி அமத்திப் பார்த்துக் களைத்து நின்றதை நான் என் கண்ணால் பார்த்தேன். கொல்ல நினைக்கிற ஆட்கள் அப்படி வேர்த்து நிற்கமாட்டார்கள் மகன்.

செத்தவீட்டை நீ போனில் பார்த்துக்கொண்டிருந்தாய். உனக்கு லீவு கிடைக்கவில்லை, கிடைத்திருந்தாலும் நேரத்துக்கு வந்து சேர்ந்திருக்க ஏலாது. பெட்டியை வெளியே எடுக்கிற நேரம் நீ அங்கிருந்து, "உது சாவில்லை, கொலை" என்று கத்தியது பந்தல் முழுக்கக் கேட்டது. அதற்குப் பிறகு நடந்ததை நீ அங்கிருந்து கண்டிருக்கமாட்டாய். சனத்தின் முகம் மாறியது. அதுவரை என்ன சொல்வது என்று தெரியாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குச் சொல்வதற்கு ஒன்று கிடைத்துவிட்டது. உடம்பைத் தர ஏன் ஒருநாள் பிந்தியது என்று ஒருவர் கேட்டார், அவரை ஏன் தனி அறைக்குள் வைத்தார்கள் என்று இன்னொருவர். வெட்டிப் பார்த்துத்தான் தருவார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் அன்றைக்கு அது புதிதாகத் தெரிந்தது. கோபிகா அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேச்சராக இருந்த காலத்தில் இதே முகங்களை நான் பார்த்திருக்கிறேன். சீனி முடியப்போகிறது என்று ஒரு கதை வரும். உண்மையா என்று ஒருத்தரும் கேட்கமாட்டார்கள், ஆர் சொன்னது என்றுதான் கேட்பார்கள். தெரிந்த ஆள் சொன்னது என்றால் போதும், பின்னேரத்துக்குள் சீனி உண்மையாகவே முடிந்துவிடும்.

முப்பத்தோராம் நாள் அந்திரட்டி முடிந்ததும் நீ அந்த யூரியூப்காரருக்குப் பேட்டி கொடுத்தாய். என் மச்சான் குளிசை குடித்தபடியால்தான் செத்தார், ஆஸ்பத்திரி மறைக்கிறது என்று முகத்தைக் காட்டிச் சொன்னாய். ஊரில் அதைப் பார்க்காத ஆள் இல்லை. கிருஷாந் துக்கம் விசாரிக்க வந்தபோது கோபிகா அவரைப் படலைக்குள் விடவில்லை. கொலைகாரர் என்று சொன்னாள். அந்தப் பொடியன் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்று, "அக்கா, என்ரை அப்பாவும் கமம்தான், அவருக்கும் உதே குளிசைதான் குடுத்தனான்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். உன் பேட்டிக்குப் பிறகு எங்கள் ஒழுங்கையில் பலர் குளிசையைக் கொண்டுபோய்க் குப்பையில் போட்டார்கள். பின்வளவு முத்துக்குமாரு அதில் ஒருவர். அவருக்கும் காய்ச்சல் வந்தது, மனிசி பிடிவாதமாக முதல் நாளே கொண்டுபோய்ச் சேர்த்ததால் பிழைத்து வந்தார். இப்போதாவது விளங்கியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கப் போனேன். அவர் என்னிடம் குரலைத் தாழ்த்தி, "உள்ளுக்குத் தெரிஞ்ச ஆள் இருந்தபடியால் நல்ல ஊசி போட்டவை அண்ணை, இல்லாட்டி நானும் சுபாஸோடைதான்" என்கிறார். செத்தால் கொன்றார்கள், பிழைத்தால் தெரிந்த ஆள் இருந்தார். இதற்கு மேல் அவரிடம் நான் எதைக் காட்டுவது. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

உன்னையும் கோபிகாவையும் முட்டாள்கள் என்று நான் நினைக்கவில்லை. இந்த மண்ணில் இருந்துகொண்டு அப்படி நினைக்க எனக்கு உரிமையும் இல்லை. எங்கள் ஒழுங்கையில் ஷெல் விழுந்து உன்னோடு படித்த பொடியனைப் பாயில் சுற்றி எடுத்த அன்று, யாழ்ப்பாணத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்று அரசாங்க ரேடியோ சொன்னது. நீ அப்போது சின்னன், என் மடியில் இருந்துதான் அதைக் கேட்டாய். இல்லை என்று அவர்கள் சொன்னதெல்லாம் இருந்தது, இருக்கு என்று சொன்னதெல்லாம் இல்லை. அப்படி வளர்ந்தவனை அரசாங்கம் தருகிற குளிசையை நம்பு என்று கேட்பது பெரிய கேள்விதான். ஆனால் நான் வயல்வரம்பில் இருந்து இதை யோசித்துப் பார்த்தேன். அன்றைக்கு நாங்கள் ரேடியோவை நம்பாமல் விட்டது ஷெல் விழுந்ததைக் கண்ணால் பார்த்தபடியால். இன்றைக்கு நீ குளிசையை நம்பாமல் விட்டது எதைப் பார்த்து. பெயர் இல்லாத ஒரு பெண்ணின் அழுகையைக் கேட்டு. ஒருத்தரையும் நம்பமாட்டோம் என்று சொல்லிக்கொண்டு, ஆர் என்றே தெரியாத ஒருத்தியை நம்பியிருக்கிறோம். தெரிந்த கிருஷாந்தை, இதே கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவரை, படலையில் வைத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறோம்.

இன்னும் ஒன்று. இங்கே எங்களுக்குத் தெரிந்த சாவுகளுக்கெல்லாம் ஒரு ஆள் இருந்தான். சுட்டவன் இருந்தான், குண்டு போட்டவன் இருந்தான், பிடித்துக்கொண்டு போனவன் இருந்தான். அவனைத் திட்டலாம், அவனுக்கு எதிராக வீதியில் குந்தியிருந்து போராடலாம். அவ்வளவு ஷெல்லுக்கும் தப்பி வந்த ஒருவர், எல்லாம் முடிந்து எத்தனையோ வருசத்துக்குப் பிறகு, தன் சொந்த வயலில் ஒரு எலியின் மூத்திரத்தால் செத்தார் என்பதை எங்கே கொண்டுபோய் வைப்பது. எலியைத் திட்ட ஏலாது. வெள்ளத்துக்கு எதிராகக் கொடி பிடிக்க ஏலாது. அதனால்தான் ஒரு கொலைகாரனைத் தேடுகிறோம் என்று நினைக்கிறேன். கொலைகாரன் இருந்தால் அந்தச் சாவுக்கு ஒரு பெறுமதி இருக்கிறதுபோலத் தோன்றுகிறது. நானும் சில நேரம் விரும்பிப் பார்த்தேன் மகன், நீ சொன்னது உண்மையாக இருந்தால் எனக்குக் கோபமாவது வருமே என்று. வரவில்லை.

இதையெல்லாம் நான் மனதுக்குள்ளேயே வைத்திருந்திருப்பேன். அவர் கேட்டுக்கொண்டபடி உனக்கு ஒருநாளும் சொல்லியிருக்க மாட்டேன். போன மாதம் ஜெசிதாவுக்குக் காய்ச்சல் வந்தது. கோபிகா குழந்தையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் இதையும் முடித்துவிடுவார்கள் என்றாள். இடையிடையே உன் பேட்டியைப் போட்டுக் கேட்கிற சத்தம் வெளியே கேட்டது. அம்மா கதவில் தலையை வைத்து அழுதாள். அடுத்த நாள் மத்தியானம் குழந்தையின் சத்தம் குறைந்துவிட்டது. அப்போதுதான் நான் கதவடியில் நின்று, வீட்டில் ஒருத்தருக்கும் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன். "பிள்ளை, அவர் அந்தக் குளிசையைக் குடிக்கேல்லை, என்னட்டைத் தன்ரை வாயாலை சொன்னவர்" என்றேன். உள்ளே இருந்து, "எனக்குத் தெரியுமப்பா" என்றாள். எனக்கு விளங்கவில்லை, தெரிந்துமோ என்று கேட்டேன். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அண்ணை அனுப்பினதை அவருக்குப் போட்டுக் காட்டினது நான்தானப்பா. அவர் குடிப்பமோ எண்டு கேட்டவர், நான்தான் பறிச்சு அடுப்புக்குள்ளை எறிஞ்சனான். உது பொய்யெண்டால் அவரைச் சாகடிச்சது நானும் அண்ணையும்தானே. பிறகு நான் எப்பிடி அண்ணையோடை கதைக்கிறது, எப்பிடிப் பிள்ளையின்ரை முகத்தைப் பாக்கிறது."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவள் ஒன்றும் ஏமாந்துபோய் அதை நம்பவில்லை. அதைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள், விட்டால் விழுந்துவிடுவாள் என்று. "ஒருத்தரும் சாகடிக்கேல்லை பிள்ளை, காய்ச்சல்தான். பயந்துபோய்ச் செய்தது கொலை இல்லை. இப்ப கதவைத் திற" என்றேன். அதைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னேன். எத்தனை தரம் சொன்னேனோ தெரியாது. கதவு திறந்தது. குழந்தையை என் கையில் தந்துவிட்டு அவளும் ஓட்டோவில் ஏறினாள். டெங்கு என்றார்கள். கிழமை முடிவதற்குள் கூட்டிக்கொண்டு வந்துவிட்டோம், இப்போது ஓடித் திரிகிறாள், சோறு தீத்த அம்மாதான் பின்னால் திரியவேண்டியிருக்கிறது. ஆஸ்பத்திரி வாட்டில் இருந்த அந்த நாட்களில் கோபிகா ஒவ்வொரு ஊசிக்கும் நேர்ஸ் மிசியின் கையை விட்டுக் கண் எடுக்காமல் நின்றாள், ஆனால் தடுக்கவில்லை. அவருக்கு வைத்தியம் பார்த்த அதே டொக்டர்ப் பிள்ளை ஒருநாள் வந்து, அவளுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு வந்த பிறகு கோபிகா உன் பேட்டியைப் போட்டுக் கேட்பதில்லை. உன் போனும் எடுப்பதில்லை, அது ஏன் என்று நீ யோசித்துக்கொண்டிருப்பாய். அண்ணைக்கு எழுதப்போகிறேன் என்று நான் சொன்னபோது முதலில் வேண்டாம் என்றாள். இரண்டு நாள் கழித்து அடுப்படியில் வைத்து, "எழுதுங்கோ, நான் அடுப்புக்குள்ளை எறிஞ்சதையும் எழுதுங்கோ, அண்ணை தான் தனிய எண்டு நினைக்கக்கூடாது" என்றாள். அம்மா கோபமாக எழுதாதேங்கோ என்றாள். கோபம் இருந்தால்தானே எழுதுவதற்கு. மருமகன் என்னிடம் கேட்ட ஒரேயொரு விசயத்தை நான் இப்போது மீறுகிறேன். அவர் உன்னை நினைத்துக் கேட்டார், நான் இந்த ஒழுங்கையில் இருக்கிற மற்றவர்களையும் நினைக்கவேண்டியிருக்கிறது. வயல்களில் இன்னும் ஈரம் காயவில்லை, அறுவடைக்கு இறங்குகிறவர்களுக்குக் கிருஷாந் திரும்பவும் குளிசை கொண்டு திரிகிறார், வாங்குகிறவர்கள் குறைவு. உன் பேட்டியைத்தான் காட்டுகிறார்கள். அதை எடுத்துவிடச் சொல். எடுத்தால் மட்டும் போதாது, அரசாங்கம் எடுக்க வைத்தது என்று அதற்கும் ஒரு கதை கட்டுவார்கள். நீயே முகத்தைக் காட்டி, மச்சான் குடிக்கவில்லை, குடிக்கவேண்டாம் என்று சொன்னது நான்தான் என்று சொல்லவேண்டும். இது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரிந்துதான் கேட்கிறேன். என்னால் சொல்ல ஏலும், கிருஷாந்தாலும் டொக்டராலும் சொல்ல ஏலும், ஆனால் எங்களை ஆரும் கேட்கமாட்டார்கள். சுபாஸ் நம்பியது அந்த அழுத பெண்ணை இல்லை மகன், உன்னைத்தான். ஊரும் உன்னைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறது.

நீ என் பிள்ளை, இதை வாசித்த பிறகும் என் பிள்ளைதான். சாப்பிடாமல் கிடக்காதே, வேலைக்குப் போகாமல் நிற்காதே. மனம் கேட்காவிட்டால் அங்கே அதற்குக் கதைக்கிற டொக்டர்மார் இருப்பார்கள், போ, வெட்கப்படாதே. மதுராவை ஒன்றுக்கும் ஏசாதே. பேரன்மாருக்கு எங்கள் அன்பைச் சொல். நீயும் உன் குடும்பமும் நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் துணையாக, நீண்ட காலம் நல்லாய் இருக்கவேண்டும் என்று அப்பாவும் அம்மாவும் ஆண்டவனைக் கும்பிட்டு ஆசீர்வதிக்கிறோம். மறக்காமல் ஒன்று. முதலில் என்னுடைய போனுக்கு எடுக்காதே, கோபிகாவின் போனுக்கு எடு. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எடு, அந்த நேரம் நான் ஜெசிதாவைக் கூட்டிக்கொண்டு அம்மாவோடு கோயிலடிக்குப் போய்விடுவேன், வீட்டில் அவள் மட்டும்தான் இருப்பாள். என்ன கதைப்பாள் என்று எனக்குத் தெரியாது, ஒன்றும் கதைக்காமலும் இருக்கலாம். நீ வைத்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா
க. சீவரத்தினம்